மீட்டும் கை

சித்தூர்ப் பக்கத்துக் கார்வேட்டிநகரத்தில், ஸ்கந்த புஷ்கரணிக் குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காள் மகன் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். சுருதி சேர்ந்திருந்தது. இடக்கை விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. ஆனாலும் தகரத்தில் ஆணியை இழுப்பதுபோல ஓசை காதைக் கீறியது. பக்கத்தில் இருந்த அவன் நண்பன் அதே கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதே நான்கு ஸ்வரங்களை வாசித்தான். இப்போது ஓசை பழுத்து வந்தது. தண்ணீர்ப் பக்கமாகப் போய்த் திரும்பியும் கேட்டது.

"மாமா, கிட்டாரும் என்னுது, கம்பியும் அதே கம்பி. அவன் கைக்கு மட்டும் எப்படி மாமா இப்படிப் பேசுது?"

கிட்டாரோ வீணையோ மாண்டலினோ கற்றுக்கொள்ளப் போன எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்திருக்கும். ஸ்வரத்தைத் தீர்மானிப்பது இடக்கை. எந்த இடத்தில் அழுத்துகிறோமோ அந்த ஸ்வரம் வருகிறது. பயிற்சிப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருப்பதும் இடக்கைக்கான படங்கள்தான். வலக்கைக்கு "மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே" என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இயற்பியலும் உடற்கூறும் அடங்கியிருக்கின்றன என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

இந்தக் கேள்வியைக் கார்வேட்டிநகரத்தில் கேட்பது பொருத்தம்தான். பொம்மராஜு ஜமீன்தார்களின் காலத்தில் சங்கீதத்துக்குப் பெயர்போன ஊர் இது. சாரங்கபாணி இந்த ஊர் வேணுகோபாலன் மீது பதங்கள் பாடினார். கோவிந்தசாமய்யா பத வர்ணங்கள் இயற்றினார். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினியிலும் அவர் பெயர் இருக்கிறது. பதம் மெதுவாக நகரும் இசை. ஒரு ஸ்வரம் நின்று, அசைந்து, மெல்லக் கரைய வேண்டும். அந்த நிதானத்தில் ஓசையின் குறை ஒளிய இடமில்லை. வேகமாக வாசிக்கும்போது ஒப்பேற்றிவிடுகிற வலக்கை, பதம் வாசிக்கும்போது அகப்பட்டுக்கொள்ளும்.

தந்திக்குள் எத்தனை தந்தி

தந்தியைச் சுண்டினால் அது அதிர்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எப்படி அதிர்கிறது?

முழுத் தந்தியும் ஒரே வில்லாக மேலும் கீழும் ஆடுவது ஒன்று. அதே நேரத்தில் தந்தி இரண்டு பாதியாகப் பிரிந்தும் ஆடுகிறது. ஒரு பாதி மேலே போகும்போது மறுபாதி கீழே போகும், நடுவில் ஒரு புள்ளி அசையாமல் நிற்கும். அதே தந்தி மூன்று பகுதியாக, நான்கு பகுதியாக, ஐந்து பகுதியாகவும் ஆடிக்கொண்டிருக்கிறது. இத்தனை ஆட்டங்களும் ஒரே தந்தியில், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே சமயத்தில் நடக்கின்றன.

முழுத் தந்தியின் ஆட்டம்தான் நாம் பெயர் சொல்லும் ஸ்வரம், அதாவது அடிச் சுரம். மற்றவற்றைக் கிளைச் சுரங்கள் என்று அழைப்போம். இரண்டாகப் பிரிந்து ஆடுவது இரண்டாம் கிளை, மூன்றாகப் பிரிந்து ஆடுவது மூன்றாம் கிளை. கிட்டாரின் ஐந்தாம் தந்தி வினாடிக்கு 110 தடவை அதிர்ந்தால் இரண்டாம் கிளை 220 தடவையும் மூன்றாம் கிளை 330 தடவையும் அதிரும். இவற்றை நம் காது தனித்தனி ஸ்வரமாகப் பிரித்துக் கேட்பதில்லை. எல்லாம் கலந்த கலவையை "இனிமை", "கனம்", "கூர்மை", "தகரம்" என்றெல்லாம் சொல்கிறோம்.

தந்தி பிரிந்து ஆடும்போது அசையாமல் நிற்கும் புள்ளிக்குக் கணு என்று பெயர். பள்ளிப் பாடப்புத்தகத்திலும் இதே சொல்தான். சித்தூர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரும்பைக் கணுக்கள் பிரிப்பதுபோலத் தந்தியையும் கணுக்கள் சம பகுதிகளாகப் பிரிக்கின்றன.

இனி, தந்தியை ஓரிடத்தில் பிடித்து இழுத்து விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இழுத்த இடம் அசையாமல் இருக்க முடியாது, அதைத்தானே இழுத்தோம். ஆகவே, எந்தக் கிளைச் சுரத்துக்கு அந்த இடம் கணுவோ அந்தக் கிளை பிறப்பதில்லை. 1800இல் தாமஸ் யங் என்ற ஆங்கிலேய அறிஞர் கண்டு சொன்ன விதி இது. 1863இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் ஓசையைப் பற்றி எழுதிய பெரிய நூலில் இதை விரித்துச் சொன்னார். மீட்டும் கை எங்கே இருக்கிறது என்பதே ஓசையின் குணத்தைத் தீர்மானிக்கும் முதல் காரணம்.

65 சென்டிமீட்டரில் ஒரு சோதனை

கிட்டார் இருந்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

பெரும்பாலான கிட்டார்களில், கழுத்தின் உச்சியில் தந்தி தாங்கும் துண்டிலிருந்து, மேல்பலகையில் தந்தியைத் தாங்கும் குதிரை வரை தந்தியின் நீளம் ஏறக்குறைய 65 செ.மீ. கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளைக் கிட்டார்க்காரர்கள் ஃபிரெட் என்பார்கள். வீணைக்காரர்களின் சொல் மெட்டு. நாம் மெட்டு என்றே சொல்வோம். 12ஆம் மெட்டு தந்தியின் சரிபாதியில், அதாவது 32.5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது.

முதல் சோதனை. ஐந்தாம் தந்தியை எங்கும் அழுத்தாமல், குதிரைக்கு அருகே வலக்கையால் மீட்டுங்கள். ஓசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை விரல் ஒன்றால் 12ஆம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை மெல்லத் தொட்டு எடுங்கள். அழுத்தக் கூடாது, இறகு படுவதுபோலத் தொட்டால் போதும். அடிச் சுரம் நின்று, அதற்கு மேல் ஸ்தாயியில் மணி போன்ற ஓர் ஓசை தொடரும். அதுதான் இரண்டாம் கிளை. நடுப்புள்ளி அதற்குக் கணு என்பதால் விரல் பட்டும் அது சாகவில்லை. அதுவரை கலவைக்குள் மறைந்திருந்தது இப்போது தனியாகக் கேட்கிறது.

இரண்டாம் சோதனை. இப்போது 12ஆம் மெட்டுக்கு நேர் மேலேயே, அதாவது தந்தியின் சரிநடுவில் மீட்டுங்கள். பிறகு அதே இடத்தை அதேபோல மெல்லத் தொடுங்கள். ஓசை அநேகமாக முழுதாக அடங்கிவிடும். நடுவில் இழுத்ததால் இரண்டாம் கிளை பிறக்கவே இல்லை. நான்காம் கிளையும் ஆறாம் கிளையும் அப்படியே. பிறந்ததெல்லாம் ஒற்றைப்படைக் கிளைகள், அவற்றுக்கு நடுப்புள்ளிதான் மிகுதியாக ஆடும் இடம். அங்கே விரல் பட்டதும் எல்லாம் சேர்ந்து மடிந்துவிட்டன. மீட்டும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தால் மெல்லிய மிச்சம் கேட்கும். நாலைந்து முறை முயன்றால் நடு அகப்பட்டுவிடும்.

மூன்றாம் சோதனையை ஆசையுள்ளவர்கள் செய்யலாம். குதிரையிலிருந்து 21.7 செ.மீ. தூரத்தில், அதாவது மூன்றில் ஒரு பங்கில் மீட்டி, 7ஆம் மெட்டுக்கு மேலே தொடுங்கள். மூன்றாம் கிளை கேட்க வேண்டிய இடத்தில் மௌனம் இருக்கும்.

கிட்டாரைத் தவிர வேறொரு கருவியும் இல்லாமல், விரலை வைத்தே ஓசையின் உள்ளே புகுந்து பார்க்கும் சோதனை இது. இதைவிட அழகான ஒன்று பள்ளி ஆய்வகத்தில்கூட எனக்குக் காட்டப்பட்டதில்லை.

இனி எண்களைப் பார்க்கலாம். முழுத் தந்தியின் ஆட்டத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மீட்டினால் இரண்டாம் கிளை 0, மூன்றாம் கிளை 11, நான்காம் கிளை 0, ஐந்தாம் கிளை 4. குதிரையிலிருந்து 13 செ.மீ. தூரத்தில், அதாவது ஐந்தில் ஒரு பங்கில் மீட்டினால் இரண்டாம் கிளை 40, மூன்றாம் கிளை 18, நான்காம் கிளை 6, ஐந்தாம் கிளை 0. குதிரையிலிருந்து 6.5 செ.மீ. தூரத்தில் மீட்டினால் முறையே 48, 29, 19, 13. கை குதிரையை நெருங்க நெருங்க மேல் கிளைகள் தலைதூக்குகின்றன, ஓசை கூர்மையாகிறது. இன்னும் நெருங்கினால் அடிச் சுரத்தின் கனம் போய்க் கீச்சல்தான் மிஞ்சும்.

புஷ்கரணிப் படியில் நான் பார்த்ததும் இதைத்தான். அக்காள் மகன் மணிக்கட்டைக் குதிரை மேலேயே ஊன்றி, குதிரையிலிருந்து மூன்று விரற்கடைக்குள் மீட்டிக்கொண்டிருந்தான். நண்பனின் கை ஓசைத் துளையின் விளிம்பில் இருந்தது. இரண்டு கைகளுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

ராமன் கண்ட விலக்கு

வீணை வாசிப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் கேட்பார்கள். "எங்கள் வாத்தியத்தில் மீட்டும் இடத்தைக் கொஞ்சம் மாற்றினால் இவ்வளவு வித்தியாசம் தெரிவதில்லையே?"

நியாயமான சந்தேகம். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் ஒளியைப் பற்றிய ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு கல்கத்தாவில் பல ஆண்டுகள் வயலின், வீணை, தம்பூரா, மிருதங்கம் ஆகியவற்றின் ஓசையை அவர் ஆராய்ந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1921இல் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரையில் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. வீணையிலும் தம்பூராவிலும் யங் சொன்ன விதி செல்லுபடியாகவில்லை. மீட்டிய இடம் எந்தக் கிளைக்குக் கணுவோ, அந்தக் கிளையும் கணீரென்று கேட்கிறது.

காரணம் குதிரையில் இருக்கிறது. கிட்டாரில் தந்தி ஓர் எலும்புத் துண்டின் விளிம்பில் ஏறி அங்கேயே முடிந்துவிடுகிறது. வீணைக் குதிரையின் மேல் உலோகத் தகடு, மெல்ல வளைந்து சரியும் பரப்பு. தந்தி ஆடும்போதெல்லாம் அந்தப் பரப்பின் மீது படிந்தும் பிரிந்தும் ஆடுகிறது. ஒவ்வொரு முறை படியும்போதும் அடி ஆட்டத்தின் ஆற்றலில் கொஞ்சம் மேல் கிளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. மீட்டியபோது பிறக்காத கிளையையும் குதிரை பிறப்பித்துவிடுகிறது. தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூல் வைத்து, இம்மி இம்மியாக நகர்த்தி ஓசையைத் திறக்கிறார்களே, அதுவும் இந்த வேலைதான்.

ஆக, வீணையில் ஓசையின் நிறத்தில் ஒரு பங்கைக் குதிரை பார்த்துக்கொள்கிறது. கிட்டாரில் அந்த உதவி கிடையாது, முழுப் பொறுப்பும் கையுடையது. வீணை பயின்றுவிட்டுக் கிட்டாருக்கு வருபவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வலக்கையை ஒரே இடத்தில் நட்டு வைக்காமல் தந்தியின் மேல் நடமாட விடுவது என்பது என் கருத்து.

எதனால், எந்தத் திசையில்

மீட்டும் இடம் சரியானது. அடுத்து, எதை வைத்து மீட்டுகிறோம்?

கூரான நகமோ, பிக் என்ற தடித்த மீட்டுவில்லையின் முனையோ தந்தியை ஒரு கூர்மையான முக்கோணமாக இழுக்கிறது. விட்டவுடன் அந்த முனை இரண்டாகப் பிரிந்து தந்தியின் இரு கோடிகளுக்கும் ஓடி, மோதித் திரும்பி ஓடிக்கொண்டே இருக்கும். கூர்மையான முனையில் மேல் கிளைகள் அதிகம். விரல் நுனியின் சதை அகலமானது, அது இழுத்தால் முக்கோணத்தின் முனை மழுங்கிவிடும். மழுங்கிய முனையில் மேல் கிளைகள் குறைவு, ஓசை மெத்தென்று வரும். பிக்கைத் தந்திக்கு இணையாகத் தட்டையாகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், அது தந்தியில் முட்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு வெளியேறுகிறது. தடையும் குறைகிறது, "டிக்" என்ற முட்டல் ஓசையும் குறைகிறது.

திசையும் முக்கியம். தந்தியைக் கிட்டாரின் வயிற்றை நோக்கி உள்ளே அழுத்தி விட்டுப் பாருங்கள். அதே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும் விட்டுப் பாருங்கள். முதலாவது உரத்து எழுந்து சீக்கிரம் அடங்கும். இரண்டாவது அடக்கமாகத் தொடங்கி நீண்டு நிற்கும். மேல்பலகை உள்ளும் வெளியுமாக எளிதில் அசையும், பக்கவாட்டில் அவ்வளவு அசையாது. உள்ளும் வெளியுமாக ஆடும் தந்தி தன் ஆற்றலைப் பலகைக்கு அள்ளிக் கொடுத்துவிடுகிறது, பக்கவாட்டில் ஆடுவது சிக்கனமாகக் கொடுக்கிறது. தேர்ந்த கை இரண்டையும் கலந்து, சற்றே உள்நோக்கிச் சாய்வாக மீட்டுகிறது. எவ்வளவு சாய்வு என்று எண்ணால் சொல்லிப் பயனில்லை, காதுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வேகமாக வாசிக்கும்போது மட்டும் தெரியவரும். ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தி மீது அடுத்த மீட்டுக்காகப் பிக் பட்டதுமே பழைய ஓசை செத்துவிடுகிறது. வினாடிக்கு 8 ஸ்வரம் வாசித்தால் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது 125 மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு. அதில் பிக் 30 மில்லிவினாடி தந்தியிலேயே தங்கிவிட்டால் நேரத்தில் கால் பங்கு மௌனம். விரைவாக வாசிக்கும் சிலருடைய ஸ்வரங்கள் பொரியாக உதிர்வதும், சிலருடையவை சரமாகக் கோத்து வருவதும் பெரும்பாலும் இதனால்தான். வந்து விலகும் நேரம் குறைய வேண்டும், அதற்குப் பிக்கின் நுனி மட்டுமே தந்தியில் பட வேண்டும்.

மூன்று காலத்தின் கணக்கு

சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி நெருக்கமாக இருக்கும். முதல் காலத்தில் வினாடிக்கு 2 ஸ்வரம் என்றால் இரண்டாம் காலத்தில் 4, மூன்றாம் காலத்தில் 8.

கையை முன்னும் பின்னும் ஆட்டுவதற்கு விசை வேண்டும். ஒவ்வொரு முறையும் கையைக் கிளப்ப வேண்டும், நிறுத்த வேண்டும், திருப்ப வேண்டும். ஆட்டத்தின் அகலம் மாறாமல் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகத்தை நான்கு மடங்காக்கினால் விசை 16 மடங்கு. முதல் காலத்தில் சுகமாக இருந்த கை மூன்றாம் காலத்தில் மரத்துப்போவதற்கு இதுதான் காரணம். சோம்பலோ திறமைக் குறைவோ காரணம் இல்லை.

இதிலிருந்து தப்பும் வழி அகலத்தைக் குறைப்பது. சல்லடையில் மாவு சலிப்பவர்களைக் கவனியுங்கள். மெதுவாகச் சலிக்கும்போது சல்லடை ஒரு முழம் போய் வரும், வேகம் கூடினால் நான்கு விரற்கடைக்குள் குலுங்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை அதைச் செய்கிறது. கிட்டாரில் மட்டும் பதற்றத்தில் நேர்மாறாகச் செய்துவிடுகிறோம், வேகம் வேண்டும் என்று நினைத்ததும் ஓங்கி வீசுகிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் காலத்தில் பிக் 16 மி.மீ. அகலத்துக்குப் போய் வருகிறது, அதற்கான விசை 1 என்று கொள்வோம். அதே 16 மி.மீ. அகலத்தோடு மூன்றாம் காலத்துக்குப் போனால் விசை 16. அகலத்தை 4 மி.மீட்டருக்குக் குறைத்தால் விசை 4. தந்தியைக் கடந்து மறுபுறம் போயாக வேண்டும் என்பதால் இதற்கு மேல் ரொம்பவும் குறைக்க முடியாது. ஆனால் 16க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம் போதும், கச்சேரி முடியும் வரை கை தாங்கும்.

கீழ்நோக்கி மட்டுமே மீட்டும் பழக்கத்தையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கை ஒரு முறை கீழே போய், ஒன்றும் செய்யாமல் மேலே திரும்பி வருகிறது. கீழும் மேலும் மாற்றி மாற்றி மீட்டினால் திரும்பி வரும் பயணமும் ஒரு ஸ்வரமாகிறது. கையின் ஆட்டம் பாதியாகிறது, விசை கால் பங்காகிறது. உரத்து ஒலிக்க வேண்டிய இடங்களில் கீழ்நோக்கி மட்டுமே மீட்டுவது அழகு, விரைந்து ஓடும் இடத்தில் அது வீண் உழைப்பு.

"மெதுவாகப் பழகு, வேகம் தானாக வரும்" என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். இந்த அறிவுரை பாதிதான் சரி என்று நான் நினைக்கிறேன். மெதுவாகப் பழகும்போது கை 16 மி.மீ. வீசினால், மூளை கற்றுக்கொள்வது 16 மி.மீ. அசைவை. வேகத்துக்குத் தேவையானது 4 மி.மீ. அசைவு, அது வேறொரு அசைவு. ஆறு மாதம் மெதுவாகப் பழகியும் வேகம் வராமல் மனம் உடைந்தவர்கள் பலர். பெரிய அசைவில் மெதுவாகப் பழகியதுதான் அவர்கள் செய்த ஒரே பிழை. முதல் காலத்திலேயே மூன்றாம் காலத்தின் சிறிய அசைவை வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டியபின் கை அடுத்த மீட்டுக்கான இடத்திலேயே நின்று காத்திருக்க வேண்டும். மெதுவாகப் பழகுவதன் பயன் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

விரலை ஆட்டும் தசை விரலில் இல்லை

இடக்கையால் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். பிடித்த இடத்தில் சதை நெளிவது தெரியும். விரலை மடக்கும் முக்கியமான தசைகள் அங்கேதான் இருக்கின்றன. விரலுக்குள் அவற்றின் நாண்கள் மட்டுமே ஓடுகின்றன, பொம்மலாட்டக்காரர் கையிலிருந்து பொம்மைக்குக் கயிறு ஓடுவதுபோல. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டில் ஒரு குறுகலான வழியில் நெருக்கியடித்துக்கொண்டு கடக்கின்றன. மணிக்கட்டை மிகவும் மடித்து வைத்துக்கொண்டு வாசித்தால் அந்த வழியில் நெருக்கடி கூடுகிறது. மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது பார்வைக்கு அழகாக இருக்கும் என்பதற்காக இல்லை.

தசைகள் இழுக்க மட்டுமே அறிந்தவை, அவற்றுக்குத் தள்ளத் தெரியாது. ஆகவே மடக்க ஒரு கூட்டம், நீட்ட ஒரு கூட்டம் என்று இணை இணையாக இருக்கின்றன. ஒன்று இழுக்கும்போது மற்றது தளர வேண்டும். பயத்திலும் அவசரத்திலும் இரண்டும் ஒரே சமயத்தில் இறுகிவிடுகின்றன, ஒரே வண்டியை இரண்டு மாடுகள் எதிரெதிர்த் திசையில் இழுப்பதுபோல. முஷ்டியை இறுக்கி மூடிக்கொண்டு மணிக்கட்டை விரைவாக ஆட்டிப் பாருங்கள், பிறகு கையைத் தளர்த்திவிட்டு ஆட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். பிக் விழுந்துவிடாத அளவுக்குப் பிடித்தால் போதும். தோள் உயர்ந்திருக்கிறதா, மூச்சு நின்றிருக்கிறதா என்று பார்த்தாலே கையின் இறுக்கம் தெரிந்துவிடும்.

இன்னொரு செய்தி, உட்கார்ந்த இடத்தில் இரண்டு மணி நேரம் பழகுபவர்களுக்கு. புதிய அசைவைக் கற்றுக்கொண்டபின் தூங்கி எழுந்தால், அந்த அசைவு முந்தைய நாளைவிடத் தெளிவாக வருகிறது என்பதை மூளை ஆய்வாளர்கள் பலமுறை சோதித்துக் கண்டிருக்கிறார்கள். காலையில் 15 நிமிடமும் மாலையில் 15 நிமிடமும் போதும், இரவு நல்ல தூக்கம் வேண்டும்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தூர்ப் பக்கத்தில் கையில் வலி என்றால் உடனே புத்தூர் கட்டு நினைவுக்கு வரும். அது எலும்பு முறிவுக்காகத் தேடிப் போகும் வைத்தியம். மீட்டுவதால் வரும் வலி தசைநாணிலும் நரம்பிலும் வருவது, அதற்கு முதல் மருந்து நிறுத்துவது. இரண்டு வாரத்தில் தீராவிட்டாலோ விரல் மரத்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். ராபர்ட் ஷூமான் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளர் வலக்கை விரல் பழுதுபட்டுப் பியானோ கலைஞராகும் கனவையே இளமையில் கைவிட நேர்ந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது சாதகம் ஆகாது.

ஒரு மீட்டுக்கு எத்தனை ஸ்வரம்

வலக்கையைப் பற்றிப் பேசும்போது வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கே மீட்டாமல் இருப்பது என்பதும் வலக்கையின் வித்தைதான்.

வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். கூடியிருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள் என்று சொல்வார்கள். அவ்வளவு மெல்லிய மீட்டு. பதங்களை வாசிப்பதில் அவருக்கு இணை இல்லை என்பது அக்காலத்து ரசிகர்களின் ஒருமித்த தீர்ப்பு. ஒருமுறை மீட்டி, அந்த ஓசை தீர்வதற்குள் இடக்கையால் தந்தியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களை எடுப்பது வீணையின் வழி. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மீட்டினால் பாட்டு துண்டு துண்டாகிவிடும். மீட்டு விழும் இடம், பாடுபவர் ஓர் எழுத்தை உச்சரிக்கும் இடம்.

ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீனிவாஸ், மாண்டலினைக் கையில் எடுத்தபோது இதே பிரச்சினை இன்னும் கடுமையாக அவர் முன்னால் நின்றது. மாண்டலின் தந்தி குட்டையானது, அதன் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். மேல்நாட்டில் அதைச் சமாளிக்கப் பிக்கால் இடைவிடாமல் படபடவென்று மீட்டுவார்கள். அப்படி மீட்டினால் ஸ்வரத்தை அசைக்கும் கமகம் எடுபடாது. அவர் இரட்டை இரட்டையாக இருந்த தந்திகளைக் களைந்து ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்து, மின் ஒலிபெருக்கியின் துணையோடு ஓசையை நீட்டினார். அதன்பின் அவருடைய வலக்கை குறைவாக மீட்டிப் பாட முடிந்தது, விரையும்போது ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பொறிக்கவும் முடிந்தது. 2014இல் தம் 45ஆம் வயதில் அவர் காலமானது இந்த இசைக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

கிட்டாரில் இந்த வழியைத் தொடர்ந்தவர்களில் ஒருவர், ராணிப்பேட்டையில் வளர்ந்த ஆர். பிரசன்னா. கார்வேட்டிநகரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊர்தான். அவர் மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்கும்போது இடக்கையின் கமகத்தை மட்டும் கவனிக்காதீர்கள். ஒரு கண்ணை வலக்கை மேல் வையுங்கள். எந்த ஸ்வரத்தில் பிக் விழுகிறது, எந்த ஸ்வரத்தில் விழாமல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அக்காள் மகனின் கதைக்கு வருகிறேன். அன்று மாலை அவன் மணிக்கட்டைக் குதிரையிலிருந்து எடுத்து ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்தான், பிக்கைச் சற்றே சாய்த்துப் பிடித்தான். தகர ஓசை அப்போதே போய்விட்டது. அது இடத்தின் வேலை, நிமிடத்தில் நடக்கும். வேகம் அசைவின் வேலை, அதற்கு நாட்கள் வேண்டும். இப்போது அவன் ஒரே ஒரு தந்தியில், பிக் 4 மி.மீட்டருக்கு மேல் போகாமல், முதல் காலத்தில் சரளி வரிசை பழகுகிறான். மூன்றாம் காலத்துக்கு இன்னும் போகவில்லை.